கினோவா தின்ற வீடு

ஜெயக்கொடி வீட்டில் கினோவா தின்ற மறுநாள் காலையில், வாசல் தெளிக்கக் கதவைத் திறந்து, வருஷக்கணக்காகக் கால் வைக்கிற இடத்தில் கால் வைத்தவளுக்குத் தரை அகப்படாமல், ஒரு படி கீழே போய்த் தடுமாறி, வாளித் தண்ணீரையெல்லாம் தன் சேலையிலேயே கொட்டிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தபோது, வீடு ஒரு படி உயரம் மேலே ஏறி நின்றது. சுவரில் கீறல் இல்லை, கூரையில் ஓர் ஓடு நகரவில்லை, அடியில் மட்டும் அஸ்திவாரக் கல் புதிதாக ஒரு வரிசை, போன தலைமுறையிலேயே அடுக்கிவைத்தது மாதிரி பாசி பிடித்துக் கமுக்கமாக உட்கார்ந்திருந்தது. பால்காரர் ஜோதிராஜ் சைக்கிளை நிறுத்தி, "என்னக்கா, வீட்டத் தூக்கியாச்சா? மழைத் தண்ணி உள்ள வராது, நல்லதுதான்" என்று சொல்லி, வழக்கமாகக் குனிந்து வைக்கிற பால் பாக்கெட்டை அன்றைக்கு நின்றபடியே வைத்துவிட்டுப் போனார். சாத்தூர் அப்படிப்பட்ட ஊர். எந்தப் பக்கம் எது வெடித்தாலும் கையிலிருக்கிற காராச்சேவைக் கீழே வைக்காத ஜனங்கள், ஒரு படி உயரத்துக்கா வாயைப் பிளக்கப் போகிறார்கள்?

அந்தத் தானியம் வந்தது ஜெயக்கொடியின் புருஷன் கனகவேலின் கால் கட்டைவிரலால். சர்க்கரை ஏறி ஏறி, செருப்பு கடித்த புண் ஆறாமல் கறுத்து, "இப்படியே விட்டா விரல எடுக்கணும்" என்று டாக்டர் சொல்லிவிட்ட சேதியை ஹைதராபாத்தில் வேலை பார்க்கிற மகள் தாரணியிடம் போனில் சொல்லப் போக, அவள் அங்கேயே அழுது முடித்து, சோறே ஆகாது என்று தீர்ப்புச் சொல்லி, பெட்டி நிறைய கினோவாப் பாக்கெட்டுகளை அனுப்பிவைத்தாள். "அது தென்னமெரிக்காவுல மலை உச்சியில வெளையுறதும்மா, கிட்டத்தட்ட மேகத்துக்குப் பக்கத்துல. ராத்திரிக்கு அதுல சாலட் பண்ணிக் குடு. அப்பா எவ்வளவு கத்துனாலும் சோறு மட்டும் போட்ராத."

"கம்புக்கும் கேப்பைக்கும் என்ன கொள்ளை போச்சுன்னு கேளு உன் மகள்ட்ட" என்று கனகவேல் கட்டிலில் இருந்தே குரல் கொடுத்தார். யார் கேட்டார்கள்?

ஜெயக்கொடி பாக்கெட்டைப் பிரித்துப் பார்த்தாள். கடுகைவிடச் சற்றுப் பெரிசாக, வெளிறிய நிறத்தில், லவ் பேர்ட்ஸ் கூண்டுக்குள் போடுகிற தீனி மாதிரி இருந்தது. தண்ணீர் ஊற்றிக் கையால் அலசினாள். சோப்புப் போட்ட மாதிரி நுரை பொங்கியது. கொட்டிவிட்டு மறுபடி ஊற்றினாள், மறுபடி நுரை. அரிசி களைந்த தண்ணீரைச் செடிக்கு ஊற்றுகிறவள் இதைச் செடிக்கு ஊற்றலாமா கூடாதா என்று தெரியாமல் முழித்து, நுரை அடங்குகிறவரைக்கும் அலசி, ஒன்றுக்கு இரண்டாகத் தண்ணீர் வைத்து அடுப்பில் ஏற்றினாள். வேக வேக ஒவ்வொரு மணியிலிருந்தும் சின்ன வெள்ளை வால் ஒன்று சுருண்டு வெளியே வந்தது. வாலைப் பார்த்ததும் அவளுக்குக் கொஞ்சம் பயம்தான். இருந்தாலும் தாம்பாளத்தில் கொட்டி ஆறவைத்து, வெள்ளரிக்காய், தக்காளி, சின்ன வெங்காயம், கொத்தமல்லித் தழை எல்லாம் பொடிசாக நறுக்கிப் போட்டு, எலுமிச்சம்பழம் பிழிந்து, மிளகு தட்டி, மகள் சொன்ன ஆலிவ் எண்ணெய்க்குப் பதில் ஒரு கரண்டி கடலை எண்ணெய் விட்டு, உப்புப் போட்டுக் கிளறி, விரலால் எடுத்து வாயில் வைத்தாள். சரியாக இருந்தது. உப்பு சரியாக இருக்கிறது என்று அவளே முடிவு செய்தாள். வாழ்க்கையில் முதல்முறையாக அதை அவளே முடிவு செய்தாள், அதுதான் விஷயம்.

இந்த இடத்தில் பக்கத்து வீட்டுத் தனபாக்கியத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தனபாக்கியம் ஜெயக்கொடிக்கு ஓரகத்தி, கனகவேலின் அண்ணன் சோலையப்பனுக்கு வாழ்க்கைப்பட்டவள். அண்ணனும் தம்பியும் சொத்துத் தகராறில் ஒருத்தர் முகத்தில் ஒருத்தர் முழிக்காமல், இருந்த ஒரே வீட்டை இடித்து இரண்டாகக் கட்டினார்கள். நடுச்சுவரைக்கூடப் பொதுவில் வைக்க மனசில்லாமல் ஆளுக்கொரு சுவராக, முதுகோடு முதுகு ஒட்டி எழுப்பினார்கள். பூச்சு காய்வதற்குள், ஆம்பிளைகள் இரண்டு பேரும் வெளியே போயிருந்த ஒரு மத்தியானம், தனபாக்கியம் அந்தப் பக்கத்திலிருந்து கடப்பாரையால் குத்த, ஜெயக்கொடி இந்தப் பக்கத்திலிருந்து அம்மிக் குழவியால் இடிக்க, அடுப்படிக்கு அடுப்படி ஒரு சாண் ஓட்டை விழுந்தது. ஆம்பிளைகள் அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துகொண்டார்கள். சோலையப்பன் செத்து, தனபாக்கியத்தின் மகன் தூத்துக்குடியோடு போன பிறகும் ஓட்டை இருந்தது.

ஓட்டை வழியாகக் கிண்ணம் போகும், கிண்ணம் வரும். இந்த வீட்டில் எது கொதித்தாலும் ஒரு கிண்ணம் அங்கே. அங்கே எது தாளித்தாலும் ஒரு கிண்ணம் இங்கே. வந்த கிண்ணத்தை வெறுங்கிண்ணமாகத் திருப்பித் தரக் கூடாது என்பது எங்கும் உள்ள வழக்கம்தான், ஆனால் இந்த இரண்டு பேரும் அதைச் சாமி காரியம் மாதிரி செய்தார்கள். ஒன்றுமே இல்லாத நாளில் ஒரு இணுக்குக் கறிவேப்பிலையாவது கிடக்கும். கிண்ணங்கள் மாறிப் போகாமல் இருக்க, பாத்திரக் கடையில் பெயர் வெட்டி வாங்கியிருந்தார்கள்: அந்த வீட்டுக் கிண்ணங்களில் 'சோ.தன', இந்த வீட்டுக் கிண்ணங்களில் 'க.ஜெ'.

எல்லாம் சரி. ஆனால் ஜெயக்கொடி கல்யாணமாகி வந்த முதல் நாள் வைத்த ரசத்திலிருந்து, எதைக் கொடுத்தாலும், வாயில் வைத்த மறுநிமிஷம் ஒரு குரல் வரும்.

"உப்பு கம்மி புள்ள."

கூட்டிப் போட்டாலும் கம்மி. குறைத்துப் போட்டாலும் கம்மி. ஒரு தடவை வேண்டுமென்றே உப்பை அள்ளிக் கொட்டி அனுப்பினாள். அப்போதும், கொஞ்சம் இருமிவிட்டு, "கம்மிதான்" என்றாள் தனபாக்கியம். அதில் கேலி பாதி, பிரியம் மீதி என்று ஊரே சொல்லும். ஆனால் தினமும் கேட்கிறவளுக்கல்லவா தெரியும் அந்த எரிச்சல்? பொங்கலா, புளிக்குழம்பா, பருப்புத் துவையலா, எல்லாமே அக்காவிடம் படித்தது. அக்காவுக்குத் தெரியாத ஒன்று, அக்கா நாக்கு படாத ஒன்று, அவள் அடுப்பில் அதுவரை வெந்ததே இல்லை.

அதனால்தான் அந்த முதல் நாள் சாயங்காலம், ஓட்டைக்கு அந்தப் பக்கம் வளையல் சத்தம் கேட்டு, "என்ன புள்ள, எலுமிச்சம்பழ வாசம் வருது? என்னமோ புதுசா மணக்கே?" என்று தனபாக்கியம் கேட்டபோது, ஜெயக்கொடி தாம்பாளத்தின் மேல் முறத்தைக் கவிழ்த்து மூடினாள்.

"ஒண்ணுமில்லக்கா. அவுகளுக்குச் சும்மா கஞ்சி."

கஞ்சிக்கு யார் எலுமிச்சம்பழம் பிழிவார்கள்? பிறகு, "சரி சரி, தம்பிய நல்லாப் பாத்துக்க" என்றுவிட்டு வளையல் சத்தம் உள்ளே போய்விட்டது. அன்று காலையில் சுண்டவத்தக் குழம்போடு வந்த 'சோ.தன' கிண்ணம், கழுவித் துடைத்து, திருப்பிக் கொடுக்க ஒன்றும் இல்லாமல் ஜெயக்கொடியின் அலமாரியில் உட்கார்ந்திருந்தது. ராத்திரி புருஷனும் பெண்டாட்டியும் சாலட்டைத் தின்றார்கள். "மெல்ல மெல்ல வாயில ஒண்ணும் நிக்க மாட்டேங்குது" என்றார் கனகவேல். ஜெயக்கொடிக்கு மட்டும் அது தேவாமிர்தமாக இருந்தது, பாவம்.

மறுநாள் வீடு ஒரு படி ஏறியது என்று சொன்னேன் அல்லவா? சுவர்கள் தனித்தனிச் சுவர்கள். தீப்பெட்டியின் உறைக்குள் பெட்டியை நகர்த்தின மாதிரி இந்தச் சுவர் மேலே வழுக்கிக்கொண்டு போக, ஒரு சாண் ஓட்டை இரண்டு விரல் சந்தாகக் குறுகிவிட்டது. "என்ன புள்ள, ஓட்டை சின்னதாப் போச்சு?" என்று சந்து வழியே தனபாக்கியம் கேட்டாள். "பார்ப்போம்க்கா" என்றாள் ஜெயக்கொடி. அன்று ராத்திரியும் கினோவாதான். அதற்கு அடுத்த காலையில் ஓட்டைக்கு எதிரே செங்கல் நின்றது.

பிறகு வீடு தின்னத் தின்ன ஏறியது. கொத்தனார் ஒருத்தர் தினமும் காலையில் வந்து கீழே ஒரு படி கட்டிவிட்டுப் போவதை வேலையாக வைத்துக்கொண்டார். வீடு வேப்பமரத்தைத் தாண்டி, கரண்டுக் கம்பத்தைத் தாண்டி, பனை உயரத்துக்குப் போனபோது, தெரு அதைத் தெருவின் ஒரு வசதியாக எடுத்துக்கொண்டது. தீப்பெட்டி ஆபீஸ்காரர்கள் குச்சி காயப்போடுவதற்கு முன்னால் கீழே நின்று, "அண்ணாச்சி, மேகம் எந்தப் பக்கம் இருக்கு?" என்று கேட்பார்கள், கனகவேல் ஜன்னலில் சாய்ந்து வைப்பாற்றுக்கு அந்தப் பக்கம் வரைக்கும் பார்த்து, "மத்தியானம் வரைக்கும் காயப் போடுங்க" என்பார். ரயில் வருகிறதா என்று கேட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போவார்கள். வீட்டுவரி ஆள் வந்து, மாடி கட்டியிருக்கிறதா என்று அண்ணாந்து பார்த்து, மாடி இல்லை, தரைத்தளம்தான், தரைதான் மேலே இருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லித் தலையைச் சொறிந்துகொண்டு, பழைய வரியையே போட்டுவிட்டுப் போனார். சித்திரை வெயிலில் கைப்பிள்ளைக்காரிகள் படியேறி வந்து பிள்ளைகளை அங்கே தூங்கவைத்தார்கள். மேலே அப்படியொரு குளிர். பனை உயரத்துக்கெல்லாம் அவ்வளவு குளிர் கிடையாது என்று பள்ளிக்கூட வாத்தியார் ஒருத்தர் கணக்குச் சொன்னார். வீட்டுக்கு அந்தக் கணக்குத் தெரியவில்லை. "அந்தத் தானியம் அது பொறந்த ஊரு உயரத்துக்குப் போகப் பாக்குது. தின்னவுக வீட்டையும் கூடவே கூட்டிட்டுப் போகுது. பாவம், அதுக்கும் ஊரு ஞாபகம் இருக்காதா?" என்று ஜோதிராஜ் சொன்ன காரணமே தெருவுக்குப் போதுமானதாக இருந்தது.

கனகவேலின் விரல் ஆறியது. கறுப்பு போய்ச் சிவப்பாகி, சிவப்பு போய்த் தோல் மூடியது. மகள் போனில் சந்தோஷத்தில் கத்தினாள். குளிரில் தயிர் உறையாது, மாவு புளிக்காது, பருப்பு எத்தனை விசில் வைத்தாலும் கடக்கு முடக்கு என்று கிடக்கும். சீக்கிரம் வேகிறது கினோவா ஒன்றுதான். ஜெயக்கொடி ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, ஜன்னலை அடைத்துக்கொண்டு, தினமும் அதையே அலசி, அதையே வேகவைத்து, மாதுளை முத்து ஒரு நாள், மாங்காய்த் துருவல் ஒரு நாள் என்று கைப்பக்குவம் கூடிக்கொண்டே போனாள். உப்பைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. முதலில் அது சுகமாக இருந்தது. கொஞ்ச நாளில், கிளறி முடித்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிச் சற்றுநேரம் சும்மா நிற்கிற பழக்கம் வந்தது அவளுக்கு.

செல்போன் இருக்கிறதே என்பீர்கள். ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருக்கிறவர்கள் போன் போட்டா பேசுவார்கள் என்று இரண்டு பேருக்கும் ரோஷம். ஒருத்தி நம்பர் ஒருத்தியிடம் இருந்ததே இல்லை. தனபாக்கியத்துக்கு முழங்கால் வலி, படியேற வராது. தெருவில் நின்று, கழுத்து நோக அண்ணாந்து, "ஏ செயக்கொடி" என்று கூப்பிடுவாள். ஜன்னல் அடைத்த வீட்டுக்குள் அது கேட்காது. "உங்க அக்கா கூப்ட்டாகளே" என்று மேலே வருகிற யாராவது சொல்வார்கள். "இறங்கணும், நாளைக்கு இறங்கிப் போய்ப் பார்க்கணும்" என்பாள் ஜெயக்கொடி. பொய் இல்லை, நிஜமாகவே நினைப்பாள். ஆனால் இறங்கினால் அந்தக் கிண்ணத்தோடு இறங்க வேண்டும், வெறுங்கிண்ணமாகக் கொண்டுபோக முடியாது, போட்டுக்கொண்டு போகக் கையில் இருப்பது கினோவா ஒன்றுதான், அதைக் கொடுத்தால் அன்றைக்குக் கஞ்சி என்று சொன்னது என்ன ஆகும்? இப்படி ஒரு அற்பக் கணக்கில் கோடை போயிற்று, காற்றுக்காலமும் போயிற்று.

அவளை இறக்கியது ஜோதிராஜ்தான். ஒரு நாள் பால் பாக்கெட்டோடு மூச்சு வாங்க மேலே வந்தவர், "அக்கா, கேக்குறேன்னு தப்பா நெனைக்காதீக. கீழ பெரியக்கா வீட்டுல பாலு வாங்குறத நிப்பாட்டியாச்சு. அடுப்பே எரியலபோல. டீக்கடையில ரெண்டு பன்னு வாங்கிட்டுப் போறாக, அவ்வளவுதான் சாப்பாடு" என்றார்.

ஒற்றை ஆளுக்கு யார் சுண்டவத்தல் வறுத்துப் புளி கரைப்பார்கள்? பாதி இந்தப் பக்கம் வரும் என்றுதான் அந்த அடுப்பு இத்தனை வருஷம் எரிந்தது. இது ஜெயக்கொடிக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும் நினைக்காமல் இருந்திருக்கிறாள். "நான் மனுஷியே இல்ல" என்று புருஷனிடம் சொன்னாள். அவர், "போ, மொதல்ல போயிப் பாரு" என்றார்.

'சோ.தன' கிண்ணத்தில் சாலட்டை நிரப்பி, ஒரு தட்டால் மூடி, படி படியாக இறங்கிப் போனாள். தனபாக்கியம் அடுப்படியில், மூடிப்போன ஓட்டைக்குக் கீழே, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தோள்பட்டை எலும்பு ஜாக்கெட்டைத் துருத்திக்கொண்டு இருந்தது.

"வந்துட்டியா" என்றாள். ஏன் இத்தனை நாள் வரவில்லை என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அக்கா, அன்னைக்குக் கஞ்சின்னு சொன்னது பொய்யி. இதுதான் அது."

"தெரியும் புள்ள. கஞ்சியத் தின்ன வீடு எங்கேயாவது பறக்குமா?" தனபாக்கியம் கிண்ணத்தை வாங்கி, விரலால் அள்ளி வாயில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு நிதானமாக மென்றாள்.

"உப்பு கம்மி."

அவ்வளவுதான், ஜெயக்கொடிக்கு அழுகை வந்துவிட்டது. கூடவே சிரிப்பும் வந்தது. இரண்டு பேரும் அடுப்படித் தரையில் உட்கார்ந்து, ஒரே கிண்ணத்தில் கைவிட்டு, மிச்சம் வைக்காமல் தின்றார்கள்.

மறுநாள் காலையில் தனபாக்கியம் வீடு ஒரு படி ஏறியிருந்தது.

மேலே ஜன்னலில் இருந்து அதைப் பார்த்தபோதுதான் ஜெயக்கொடிக்கு எல்லாம் புரிந்தது. முதல் நாளே ஒரு கிண்ணம் அந்த ஓட்டை வழியாகப் போயிருந்தால், இரண்டு வீடும் சேர்ந்து ஏறியிருக்கும். ஓட்டைக்கு நேராக ஓட்டை. எவ்வளவு உயரம் போனாலும் சரி, மேகத்துக்கே போனாலும் சரி, கிண்ணம் போயிருக்கும், கிண்ணம் வந்திருக்கும். முறத்தைக் கவிழ்த்து மூடிய அந்த ஒரு கையை அவள் அன்று முழுக்கத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இனிமே நம்ம வீட்டுல கினோவா கெடையாது" என்று கனகவேலிடம் சொன்னாள். "நம்ம இங்கனயே நிப்போம். அக்கா வந்து சேரட்டும்."

"நான் மொதல்லயே சொன்னேன், கம்புக்கு என்ன கொறச்சல்னு" என்றார் அவர். அடுத்த நாளிலிருந்து, அந்தக் குளிரில் அரை நாள் கொதிக்கவைத்த கம்பங்கஞ்சி குடித்தார். விரல் நன்றாகத்தான் இருந்தது. சர்க்கரை ஒரு புள்ளி ஏறவில்லை. இதை மகளிடம் யாரும் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது?

அன்று தொடங்கி, இருந்த பாக்கெட்டெல்லாம் தனபாக்கியத்துக்குத்தான். ஜெயக்கொடி தினமும் சாலட் செய்து, ஒரு 'க.ஜெ' கிண்ணத்தில் போட்டு, இறங்கிப் போய்க் கொடுத்துவிட்டு ஏறி வருவாள். அக்கா வீடு படி படியாக எழும்பி வந்தது. தெரு பார்த்துக்கொண்டே இருந்தது. கொத்தனார் இப்போது அங்கே படி கட்டினார். தீபாவளிக்குச் சேருமா, கார்த்திகைக்குச் சேருமா என்று காராச்சேவுக் கடையில் பந்தயம் ஓடியது. தனபாக்கியம் தன் முழங்காலால் ஒரு படிகூட இறங்க முடியாமல் வீட்டுக்குள்ளேயே இருந்தாள், அதில் அவளுக்கு வருத்தமும் இல்லை. "எறங்கி எங்க போகப் போறேன்? நான் போறது மேல" என்பாள். பிறகு, ஜெயக்கொடி முகம் மாறுவதைப் பார்த்து, "உன் வீட்டுக்குத்தான் புள்ள" என்று சேர்த்துக்கொள்வாள்.

கொண்டுபோன கிண்ணங்களை மட்டும் அவள் திருப்பித் தரவில்லை. "வெறுங்கிண்ணமா எப்பிடித் தர? ஓட்டை சேரட்டும். நான் குழம்பு வச்சு, அது வழியாவே தாரேன்" என்று எல்லாவற்றையும் கழுவித் தன் அலமாரியில் அடுக்கிவைத்தாள். ஜெயக்கொடி வீட்டில் கிண்ணமெல்லாம் தீர்ந்து, கனகவேல் தொட்டுக்கொள்கிறதை டம்ளரில் ஊற்றிச் சாப்பிட்டார். அக்கா சில நாள் பாதிக் கிண்ணம்தான் தின்றாள். சில நாள் ஒரு வாய். ஒரு வாய் தின்றாலும் வீடு ஏறியது. ஆள் மட்டும் தேறவில்லை. பன்னும் டீயுமாகப் போன மாதங்கள் உடம்பில் எங்கோ உட்கார்ந்துவிட்டிருந்தன. டாக்டரை மேலே கூட்டிவந்தார்கள். அவர் நாடி பார்த்துவிட்டு, ஜெயக்கொடியை வெளியே கூப்பிட்டு, "முன்னாடியே பாத்திருக்கணும்" என்றார். அந்த வார்த்தையை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

கார்த்திகை மழை விட்டிருந்த ஒரு காலையில் சுவரில் வெளிச்சம் வந்தது. ஜெயக்கொடி ஓடிப்போய்ப் பார்த்தாள். தன் ஓட்டையின் அடி விளிம்பில் இரண்டு விரல் சந்து. அந்தப் பக்கத்து அடுப்படியின் மஞ்சள் சுவர் தெரிந்தது.

"அக்கா!"

"கத்தாத, கேக்குது" என்றது சந்து. குரல் மெலிந்திருந்தாலும் உற்சாகமாக இருந்தது. "இன்னும் ஒரு படிதான். சாயங்காலம் உன் குருவித் தீனியக் கொண்டா, ஒரு வாய் தின்னுட்டாச் சேந்துரும்."

"இப்பவே கொண்டாறேன்க்கா."

"இரு புள்ள. வாயெல்லாம் சப்புனு இருக்கு. சுண்டவத்தல் கெடக்கு, குழம்பு வைக்கப் போறேன். எத்தன நாளாச்சு."

ஜெயக்கொடி தடுக்கவில்லை. அடுப்பு பற்றவைக்கிற சத்தம் கேட்டது. நல்லெண்ணெய் காய்ந்து, வத்தல் பொரிந்து, புளி கொதிக்கிற வாசம் சந்து வழியாக ஏறி வந்து, குளிர்ந்து கிடந்த வீடு முழுக்க நிறைந்தது. கட்டிலில் இருந்து கனகவேல், "மதினி கைக்குழம்பு" என்றார், கண்ணெல்லாம் கலங்கி. மத்தியானம் அந்தப் பக்கத்து ஓட்டையில் ஒரு கிண்ணம் உரசி நகர்கிற சத்தம் கேட்டது.

"பொறுக்கல புள்ள. இன்னைக்கே வச்சுட்டேன். எட்டுதா பாரு."

கிண்ணம் இந்தப் பக்கம் வராது, சந்து பத்தாது. ஜெயக்கொடி கையைப் படுக்கவாட்டில் நுழைத்து, தோள் சுவரில் இடிக்க, விரலை நீட்டித் துழாவினாள். கிண்ணத்தின் விளிம்பு தட்டுப்பட்டது. 'க.ஜெ' என்று வெட்டியிருந்த எழுத்து விரலில் நெருடியது. இன்னும் கொஞ்சம் நீட்டினாள். விரல் நுனி சூடான குழம்பில் பட்டது. எடுத்து நாக்கில் வைத்தாள்.

உப்பே இல்லை. ஒரு கல்கூட இல்லை. ஊர் உப்பையெல்லாம் நிறுத்துச் சொன்னவள் தன் குழம்புக்கு உப்புப் போட மறந்திருந்தாள்.

ஜெயக்கொடிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்த ஒரு வார்த்தையைச் சொல்ல அவளுக்கு வாய்த்ததே இல்லை. சந்தில் வாயை வைத்து, குரலை அக்கா மாதிரியே இழுத்து, "உப்பு கம்மிக்கா" என்றாள்.

சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். 'எனக்கேவா?' என்று ஒரு வசவு வரும், அதை வாங்கிக்கொண்டு இன்னும் சிரிக்கலாம் என்று காத்திருந்தாள். அந்தப் பக்கம் குழம்புச் சட்டி அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது.

"உப்பு கம்மிக்கா" என்றாள் மறுபடியும், சிரிப்பு இல்லாமல்.

பிறகு படியெல்லாம் இறங்கி, படியெல்லாம் ஏறி அவள் அங்கே போய்ச் சேர்ந்தபோது, தனபாக்கியம் ஓட்டைக்குக் கீழே, வழக்கமாகச் சாய்கிற இடத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கையில் கரண்டி இருந்தது. அடுப்பை அணைத்தது ஜெயக்கொடிதான்.

தெரு முழுக்கத் திரண்டு வந்து, அத்தனை படியிலும் ஆள் நின்று, கைமாற்றிக் கைமாற்றி அவளைக் கீழே இறக்கினார்கள். தூத்துக்குடியிலிருந்து மகன் வந்து காரியமெல்லாம் முடித்து, வீட்டைப் பூட்டிச் சாவியைச் சித்தியிடம் கொடுத்துவிட்டுப் போனான். தின்ன ஆள் இல்லாத வீடு ஏறவில்லை. இறங்கவும் இல்லை. இரண்டு வீடும் பனை உயரத்தில், ஒன்றைவிட ஒன்று ஒரு படி குறைவாக நிற்கின்றன. குறைகிற படி எந்த நாளுடையது என்று தெருவில் யாருக்கும் தெரியாது. ஜெயக்கொடிக்குத் தெரியும்.

சாவி அவளிடம்தான் இருக்கிறது. அந்தப் பக்கம் போய்த் தன் கிண்ணத்தை எடுத்துக்கொள்ள எவ்வளவு நேரமாகும்? எடுக்கவில்லை. சந்துக்கு அந்தப் பக்கம் அது அப்படியே இருக்கிறது. இப்போது கம்பஞ்சோறோ கீரையோ எது சமைத்தாலும், கனகவேல் ஒரு வாய் தின்றுவிட்டு, "எல்லாம் சரியா இருக்கு" என்கிறார். அவர் சொல்வதை அவள் நம்புவதில்லை. ஒரு விரல் எடுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் போய், நாக்கில் வைத்தபடி, சந்தில் காதைக் கொடுத்துக்கொண்டு நிற்கிறாள்.

"சொல்லுங்கக்கா" என்கிறாள்.